மௌத்தானவர் வந்து கடன் கேட்டால்



நம்மவர்களில் ஒருவர் மௌத்தாகிவிட்டால், ஜனாஸாத் தொழுகைக்கு முன்பு அவருடைய மகனோ தம்பியோ சபையின் முன் நின்று ஒரு வார்த்தை சொல்வது வழக்கம். வாப்பாவுக்கு யாராவது கொடுக்க வேண்டியிருந்தாலும், வாப்பா யாருக்காவது கொடுக்க வேண்டியிருந்தாலும், எங்களிடம் வந்து சொல்லுங்கள், நாங்கள் பொறுப்பு என்பார். வெளியூரார் இதைக் கேட்டால் சாவு வீட்டில் கணக்குப் பேசுகிறார்களே என்று நினைப்பார்கள். நாம் அப்படி நினைப்பதில்லை. சில தீனார் கடனோடு ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாம் தொழவைக்காமல் நின்றார்கள் என்பதையும், அபூ கதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைத் தம் தலையில் ஏற்ற பிறகே தொழவைத்தார்கள் என்பதையும் மதரஸாவில் ஓதிய பிள்ளைகூட அறியும்.

அந்த ஒரு வார்த்தையோடு ஒரு மனிதனின் பேரேடு அவன் கையை விட்டு வாரிசுகள் கைக்குப் போய்விடுகிறது. அப்புறம் அவனாக வந்து எதையும் கேட்க முடியாது. முடியாது என்றுதான் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் ஒருவன் வந்து கேட்டதாக ஒரு சமாசாரம் உண்டு. அதைப் படித்த நாள் முதல் கடையில் சிட்டையைப் புரட்டும்போதெல்லாம் என் மனத்தில் அது ஓடிக்கொண்டேயிருக்கிறது.

வட இந்தியாவில், உத்தரப் பிரதேசத்து முஸாபர்நகர் ஜில்லாவில் ரசூல்பூர் ஜட்டான் என்று ஒரு கிராமம். 1954-ஆம் வருஷம் அங்கே ஜஸ்பீர் என்ற மூன்றரை வயதுச் சிறுவன் அம்மை கண்டு கிடந்தான். ஓர் இரவு மூச்சு நின்றுவிட்டது என்று தகப்பனார் முடிவு செய்தார். இரவு நேரமாயிற்றே, காலையில் அடக்கம் செய்யலாம் என்று வைத்திருந்தார்கள். சில மணி நேரத்தில் உடம்பு அசைந்தது. பையன் பிழைத்துவிட்டான். பேச்சு திரும்பி வருவதற்குச் சில நாள் ஆயிற்று. தெளிவாகப் பேச இன்னும் சில வாரம். பேசத் தொடங்கியதும் அவன் சொன்னதென்ன? நான் இந்த வீட்டுப் பிள்ளை அல்ல, வெஹெடி கிராமத்துச் சங்கரின் மகன், என்னை அங்கே கொண்டுபோங்கள் என்றான். அவன் பிறந்தது ஜாட் குடும்பத்தில். தான் பிராமணன், இந்தக் கைச்சோறு உண்ண மாட்டேன் என்று பட்டினி கிடந்தான். அண்டையிலிருந்த ஒரு பிராமண அம்மாள் இரக்கப்பட்டுச் சமைத்துக் கொடுக்க, ஓராண்டுக்கு மேல் அந்தச் சோற்றிலேயே வளர்ந்தான்.

வெஹெடி அங்கிருந்து ஏறத்தாழ 20 மைல். அவ்வூரில் சோபா ராம் என்ற 22 வயது வாலிபன் அதே 1954-இல் கல்யாண ஊர்வலத்தில் வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு இறந்திருந்தான். 1957-இல் வெஹெடியில் வாழ்க்கைப்பட்ட ஓர் அம்மாள் ரசூல்பூருக்கு வந்தபோது பையன் அவரைத் தன் அத்தை முறை என்று அடையாளம் சொன்னான். பிறகு இரு குடும்பத்தாரும் சந்தித்தார்கள். சோபா ராமின் மகனிடம் இச்சிறுவன் மிகுந்த பாசம் காட்டினானாம். மகன் என்று அவன் கொஞ்சிய பிள்ளைக்கும் அவனுக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை.

இனி வியாபாரிகளாகிய நமக்கு வேண்டிய இடத்துக்கு வருகிறேன். என்னிடம் கடன் வாங்கிய ஒருவன் அந்த ஊர்வலத்தில் விஷம் கலந்த மிட்டாய் கொடுத்தான், அதனால்தான் மயங்கி விழுந்து செத்தேன் என்றும் அச்சிறுவன் சொன்னான். விஷத்தை யாரும் நிரூபிக்கவில்லை. அதை அங்கேயே விட்டுவிடுவோம். கடன் ஒன்று இருந்தது என்று மாத்திரம் வைத்துக்கொள்வோம். அந்தக் கடன்காரன் இப்போது பணத்தை யாரிடம் கொடுப்பது? சோபா ராமின் விதவைக்கும் மகனுக்குமா? அல்லது நான்தான் சோபா ராம் என்று மழலையில் சொல்லும் இந்தப் பிள்ளைக்கா?

ஜஸ்பீரின் கதையை விசாரித்து எழுதியவர் இயன் ஸ்டீவன்ஸன். கனடாவில் பிறந்தவர், அமெரிக்காவின் வர்ஜீனியா சர்வகலாசாலையில் மனநோய் மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். 1966-இல் இத்தகைய 20 சமாசாரங்களைப் புத்தகமாக வெளியிட்டார். 2007-இல் அவர் மறையும்போது 2,500-க்கு மேற்பட்டவை அவர் கோப்பில் இருந்தன. ஒன்றைக் கவனிக்க வேண்டும். மறுபிறவி நிரூபணமாகிவிட்டது என்று அவர் தலைப்பிடவில்லை. அதைக் குறிப்பதாகத் தோன்றுபவை என்றே அடக்கமாகத் தலைப்பிட்டார். ஆட்சேபித்தவர்களும் உண்டு. இரு குடும்பமும் சந்தித்த பிறகுதான் பெரும்பாலும் விசாரணை நடக்கிறது, ஊர்ப் பேச்சு காற்றில் போகும், ஆசையுள்ள தாய் தகப்பன் கேள்வியிலேயே பதிலை வைத்துக் கேட்பார்கள் என்றார்கள். நம் தொழிலில் இதற்குப் பெயர், சரக்கு வந்து சேர்ந்த பிறகு எழுதிய பட்டியல். பட்டியல் பொய் என்று சொல்லிவிட முடியாது. அதை வைத்துப் பணம் பட்டுவாடா செய்யவும் முடியாது.

டில்லியில் 1926-இல் பிறந்த சாந்தி தேவியின் கதை இதைவிடப் பிரசித்தம். நான் மதுராவில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் கேதார்நாத்தின் மனைவி லுக்டி, பிள்ளை பெற்று இறந்தவள் என்று சிறு வயதிலேயே சொன்னாள். லுக்டி இறந்தது 1925-இல். காந்தியடிகள் இதில் அக்கறை கொள்ள, 1935 நவம்பரில் ஒரு குழுவினர் பெண்ணை மதுராவுக்கு அழைத்துப் போய்ப் பார்த்து 1936-இல் அறிக்கை கொடுத்தார்கள். பால் சந்த் நஹாட்டா என்பவர் தனியே ஆராய்ந்து, இது நிரூபணமாகவில்லை என்று எழுதினார். அங்கேயும் பணம் வருகிறது பாருங்கள்! பணம் மறைத்து வைத்த இடம் என்று அப்பெண் ஓரிடத்தைக் காட்டினாள், தோண்டினால் ஒன்றுமில்லை, நான்தான் எடுத்துவிட்டேன் என்று கணவர் பிறகு ஒப்புக்கொண்டார் என்று கதை சொல்கிறார்கள். சாந்தி தேவி கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1987-இல் காலமானார். முன் ஜென்மத்துக் கணவர் என்று அவர் சொன்னவரோ வேறு மனைவியோடு வாழ்ந்தார். பிறவி ஒன்றை இன்னொன்றின் பெயரில் எழுதி வைத்ததுபோல் அந்த அம்மாளின் ஆயுள் முடிந்தது. எனக்கு இது வருத்தமாகவே இருக்கிறது.

ஓர் ஆன்மா வேறு உடலில் புகுவதை அரபியில் தனாசுக் என்பார்கள். மார்க்கத்தில் அது இல்லை என்பது நமக்குப் பாடம். இறந்தவருக்கும் இவ்வுலகுக்கும் நடுவே கியாமத் நாள் வரை பர்ஸக் என்னும் தடுப்பு இருக்கிறது. அதைத் தாண்டி வருவதற்கில்லை. இவ்வளவோடு நாம் நிறுத்திவிடுகிறோம். நம் முன்னோர்கள் நிறுத்தவில்லை, யோசித்திருக்கிறார்கள். ஓர் ஆலிம் விளக்கிச் சொல்லக் கேட்டதைச் சொல்கிறேன்.

இப்னு சீனா (மறைவு 1037) ஒரு நியாயம் காட்டினார். உடல் ஒன்று தயாராகும்போது அதற்கென்று ஓர் ஆன்மா வந்து அமைகிறது. வெளியிலிருந்து இன்னொன்று வந்து புகுந்தால் ஓர் உடலில் இரண்டு ஆன்மா ஆகிவிடும். ஆனால் எந்த மனிதனும் தனக்குள் 'நான்' என்பதை ஒன்றாகவே உணர்கிறான். ஆகவே அது இல்லை என்றார். ரசூல்பூர்ச் சிறுவனை வைத்துக்கொண்டு இதை நினைத்துப் பாருங்கள். வந்தது சோபா ராம் என்றால் ஜஸ்பீர் எங்கே போனான்? அந்த மூன்றரை வயது 'நான்' எந்தக் கணக்கில் எழுதப்பட்டது? வந்தவனைப் பற்றி ஊரெல்லாம் பேசிற்று. போனவனைப் பற்றி அவன் தாய் மாத்திரம் நினைத்திருப்பாள். அவள் கண்முன்னே அதே முகம் உட்கார்ந்துகொண்டு, உன் கைச்சோறு வேண்டாம் என்கிறது.

இமாம் கஸ்ஸாலி (1058–1111) அவர்கள் வேறு வழியில் போனார்கள். தத்துவவாதிகளை மறுத்து எழுதிய தஹாபுத் என்னும் நூலில், மறுமையில் உடல் எழுவதைப் பற்றிப் பேசுமிடத்தில், மனிதன் மனிதனாக இருப்பது ஆன்மாவினால் என்கிறார்கள். குழந்தை வளர்கிறது, இளைக்கிறது, பருக்கிறது. உடல் மாறியும் அவன் அவனே. ஆகவே இறைவன் நாடினால் அந்த ஆன்மாவை எந்த உடலிலும் திருப்பித் தர வல்லவன். இதற்குத் தனாசுக் என்று பெயர் வைத்தாலும் பெயருக்காகச் சண்டையில்லை; நாம் மறுப்பது இந்த உலகத்தில் நடக்கும் தனாசுக்கைத்தான் என்ற கருத்தில் எழுதுகிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த இடம். இறைவனால் முடியாது என்று சொல்லி அவர்கள் கதவை மூடவில்லை. முடியும், ஆனால் இந்த உலகத்துப் பேரேட்டில் அந்த வரவு இல்லை என்று வைத்துவிட்டார்கள்.

ஜான் லாக் என்ற ஆங்கிலேய அறிஞர் 1694-இல் ஓர் உதாரணம் சொன்னார். ராஜகுமாரன் ஒருவனின் ஆன்மா, பழைய ஞாபகங்களோடு ஒரு செருப்புத் தைப்பவனின் உடலில் புகுந்தால், ராஜகுமாரன் செய்ததற்கெல்லாம் பொறுப்பாளி அந்த ஆளே என்றார். ஞாபகம் எங்கே உண்டோ அங்கேதான் ஆள் என்பது அவர் கணக்கு. அப்படியானால் ஜஸ்பீர் போய்க் கடனை வசூல் செய்யலாம். நல்லது. ஆனால் வரவைக் கேட்பவன் பற்றையும் ஏற்க வேண்டுமே! சோபா ராம் கொடுக்க வேண்டிய பாக்கிக்கும், அவன் மனைவிக்கும், அவன் மகனின் சோற்றுக்கும் துணிக்கும் இந்தப் பால் மணம் மாறாத பிள்ளை பொறுப்பாளியா? அப்படிச் சொல்ல எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் துணியாது. லாக் மகா கெட்டிக்காரர்தான். ஆனால் கடை வைத்துக் கடன் கொடுத்தவராகத் தெரியவில்லை.

நம் தமிழ் நாட்டில் இந்தச் சங்கதி பழையது. கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்றால் தெரியாதவர் இல்லை. நம் இந்து சகோதரர்கள் போற்றும் திருமூலர் வரலாறு பெரிய புராணத்தில் இருக்கிறது. திருவாவடுதுறைப் பக்கம் சாத்தனூரில் மூலன் என்ற இடையன் மாடு மேய்க்கையில் இறந்து கிடக்க, பசுக்கள் சுற்றி நின்று கதறின. அவ்வழி வந்த சிவயோகியார் மனம் பொறாமல் தம் உடலை மறைவாக வைத்துவிட்டு மூலன் உடலில் புகுந்தார். மாடுகள் மகிழ்ந்து வீடு திரும்பின. மூலனின் மனைவி கணவன் வந்தான் என்று கையைப் பிடிக்க வந்தாள். உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லி அவர் ஒரு மடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். அவள் மறுநாள் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிட்டாள். அவர்கள் வந்து பார்த்து, இவர் யோக நிலையில் இருப்பவர், இனி உன்னுடையவர் அல்லர் என்று அவளைத் திருப்பி அனுப்பிவைத்தார்கள். யோகியார் பிறகு மூவாயிரம் பாடல் பாடியருளினார் என்பது வரலாறு.

அது அவர்கள் போற்றும் வரலாறு. அதில் குறை காண நான் வரவில்லை. பசுவின் கண்ணீருக்கு இரங்கியவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. நான் நினைப்பது அந்தப் பெண்ணைப் பற்றி. புருஷன் இறந்தான் என்று அழ ஒரு மய்யித்து இல்லை. இருக்கிறான் என்று வாழப் புருஷனும் இல்லை. நம் சட்டத்தில் ஒரு பெண்ணுக்குக் கணவன் இறந்த நாள் தெரிந்தால்தான் இத்தா நாலு மாதம் பத்து நாள் எண்ண முடியும். இறந்தால்தான் அவனுடைய சொத்தில் அவள் பங்கு பிரிக்க முடியும். மரணத்தை மரணம் என்று தீர்த்துச் சொல்வது உயிரோடிருப்பவருக்குச் செய்யும் உபகாரம் என்று இவ்வரலாற்றைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

இதெல்லாம் தூரத்துச் சங்கதி, இங்கே ஜொகூரில் இதற்கென்ன வேலை என்று கேட்கிறீர்களா? மலாய் அண்டை வீட்டார் 'கெனா ராசுக்' என்று சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நம் வீடுகளிலும் நடப்பதுதான். சில வருஷங்களுக்கு முன் இந்த மாநிலத்துச் சிறு பட்டணமொன்றில் நம்மவர் ஒருவர் வபாத்தானார். நல்ல கடை. மனைவி, இரண்டு ஆண் மக்கள், ஒரு பெண். நாற்பதாம் நாள் பாத்திஹா கழிந்த சில தினங்களில் அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் தகப்பனார் குரலில் பேசத் தொடங்கினாள். அவரைப் போலவே தொண்டையைச் செருமி, வெற்றிலைப் பெட்டியைக் கேட்டு, கடைப் பையனை அவர் கூப்பிடும் செல்லப் பெயரால் அதட்டினாள். வீடு நடுங்கிப் போயிற்று. மூன்றாம் இரவு, கடையைச் சின்னவனுக்கு எழுதிவிடுங்கள், பெரியவன் அழித்துவிடுவான் என்று குரல் சொல்லிற்று.

பிறகு கேட்க வேண்டுமா! வாப்பாவின் ரூஹே வந்து சொல்லிவிட்டது என்றது ஒரு பக்கம். தங்கையைக் கையில் போட்டுக்கொண்டு தம்பி ஆடும் நாடகம் என்றது மறு பக்கம். மத்தியஸ்தத்துக்குப் போன நாலைந்து பேரில் நானும் ஒருவன். எங்களுக்குள்ளேயே, வந்தது அவர்தானா இல்லையா என்று சோதித்துப் பார்க்கலாம், மொத்த வியாபாரியின் பாக்கியைக் கேட்போம் என்றெல்லாம் யோசனை ஓடிற்று. கூட வந்த வயோதிக ஆலிம் ஒரு வார்த்தையில் தீர்த்துவிட்டார். அவரே எழுந்து வந்து இந்த வாசலில் நின்று சொன்னாலும் செல்லாதே அப்பா என்றார். வாரிசு ஒருவனுக்கு வஸிய்யத் செய்ய, உயிரோடிருந்த வாப்பாவுக்கே மற்ற வாரிசுகளின் சம்மதமில்லாமல் அதிகாரம் இல்லை. கபன் செலவு, கடன், பிறகு மூன்றில் ஒன்றுக்கு மிகாத வஸிய்யத், அப்புறம் பங்கு. இதுதான் வரிசை. குர்ஆன் ஷரீபிலேயே மிக நீளமான ஆயத்து கடனை எழுதிச் சாட்சி வைப்பதைப் பற்றியது. எழுத்தும் சாட்சியும் கேட்கும் மார்க்கத்தில் இருட்டறைக் குரலுக்கு எங்கே இடம்? சுயபுத்தி இல்லாத நிலையில் இருப்பவர் மீது பேனா ஓடாது என்பதும் நமக்குத் தெரிந்த ஹதீஸ். ஆகவே அந்தப் பெண் பேசியது அவள் மீது குற்றமாகவும் ஆகாது, அண்ணன் தம்பிக்குப் பத்திரமாகவும் ஆகாது.

கடை விவகாரம் அன்றைக்கே அடங்கியது. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒன்று நடந்தது. ஆலிம் பங்குகளை வரிசையாகச் சொன்னார்: தாய்க்கு எட்டில் ஒன்று, மீதியில் ஆணுக்கு இரண்டு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. அப்போதுதான் அந்தப் பெண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது அங்கிருந்த பலருக்கு ஞாபகம் வந்தது. தகப்பனார் படுக்கையில் கிடந்த மூன்று மாதமும் இரவு கண் விழித்துப் பார்த்தவள் அவள்தான். அவர் கண் மூடிய பிறகும் அவள் தூங்கவில்லை. வாப்பாவின் குரலில் அண்ணனைப் பற்றிப் பேசினாள், தம்பியைப் பற்றிப் பேசினாள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்தது யார் என்று இரண்டு வாரம் வாதாடிய வீட்டில், இவள் யார், இவளுக்கு என்ன என்று கேட்க ஓர் ஆள் இல்லை. டாக்டரிடம் கொண்டுபோனார்கள். மாதக் கணக்கில் மருந்து சாப்பிட்டாள். இப்போது அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறாள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர், இவளை ஏர்வாடிக்கு அனுப்பிவிடுவோம், அங்கே கட்டிப் போட்டு வைத்தால் இறங்கிவிடும் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம் பெரியவர்கள் காலத்திலிருந்து கப்பலேறிப் போன வழிதான் அது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பு நடுங்கிற்று.

இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் சுல்தான் செய்யிது இப்றாஹீம் ஷஹீது வலியுல்லாஹ்வின் தர்கா இருக்கிறது. ஜாதி மத பேதமின்றி ஜனங்கள் வருமிடம். பேய் பிடித்தவர், புத்தி தடுமாறியவர் என்று கொண்டுவருபவர்களை வைத்துக்கொள்ளத் தர்காவைச் சுற்றித் தனியார் பலர் கொட்டகைகள் போட்டு, மாதப் பணம் வாங்கி நடத்தினார்கள். தர்கா வேறு, அந்த விடுதிகள் வேறு. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலையில் அப்படிப்பட்ட விடுதி ஒன்றின் ஓலைக் கொட்டகையில் தீப் பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். கூக்குரல் கேட்டவர்கள், இவர்கள் எப்போதும் இப்படித்தான் கத்துவார்கள் என்று எண்ணியிருந்தால் அதிலும் ஆச்சரியமில்லை. வேறு யாரோ உள்ளே புகுந்து கத்துகிறார் என்றல்லவா அவர்களைப் பற்றிச் சொல்லப்பட்டிருந்தது! பேசுவது இவர் அல்ல என்று ஒரு மனிதனைப் பற்றி முடிவு கட்டிவிட்டால், வலிப்பதும் இவருக்கு அல்ல என்று ஆகிவிடுகிறது. நெருப்பு அந்த வித்தியாசம் பார்க்கவில்லை.

அதன் பிறகு சர்க்கார் அந்த விடுதிகளை மூடிற்று. இந்திய உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து விசாரித்தது. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவது எவ்விதத்திலும் கூடாது என்று 2017-இல் இயற்றிய சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

அப்படியானால் ஜின் இல்லையா என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். ஜின் உண்டு என்று ஈமான் கொண்டவன்தான் நானும். ஆனால் ஜின் வேறு, செத்துப்போன மாமனார் வேறு. எதுவானாலும் சங்கிலி விழுவது பிள்ளையின் கணுக்காலில்தான். ஓதிப் பார்ப்பதை எந்த டாக்டரும் தடுப்பதில்லை. நம் ஜொகூர் பாருவில் தம்போய் ஆஸ்பத்திரி 1937 முதல் இருக்கிறது. இப்போது பெர்மாய் என்று பெயர். அந்த வாசலில் நம்மவர் கார் நின்றால் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று பயந்து, விமானச் சீட்டு எடுத்து அக்கரைக்கு அனுப்புகிறவர்கள் கொஞ்சம் விசாரித்துக்கொள்ள வேண்டும். குஜராத்தில் மீரா தாதார் தர்காவில் 2008-இல் மருந்தையும் துஆவையும் சேர்த்து 'தவா-துவா' என்று ஒரு ஏற்பாடு தொடங்கினார்கள். அதே மாதிரி ஏற்பாடு ஏர்வாடிக்கும் வந்தது. இங்கிருந்து கடல் தாண்டிக் கொண்டுபோனாலும், அங்கே துஆ ஓதிவிட்டு டாக்டரிடம்தான் அனுப்புகிறார்கள்.